கறுப்பு ஹபாயாவும் கிணற்றுத் தண்ணீரும்

நோன்புப் பெருநாளுக்கு வாங்கிய ஹபாயா ஹஜ்ஜுப் பெருநாளைக்குள் சாம்பல் பூத்துவிடுகிறது என்ற முறைப்பாடு புத்தளம், கற்பிட்டிப் பக்கத்து வீடுகளில் அடிக்கடி கேட்கிறது. கடைக்காரரை ஏசுகிறோம். கழுவிய பிள்ளையின் கை சரியில்லை என்று சொல்லும் மாமிமாரும் உண்டு. குற்றம் பெரும்பாலும் தண்ணீரில்தான் இருக்கிறது.

புத்தளத்திலிருந்து மன்னார், யாழ்ப்பாணம் வரை நிலத்தின் கீழ் சுண்ணாம்புக் கல் பரந்து கிடக்கிறது. சீமெந்துத் தொழிற்சாலைக்காக அருவக்காட்டில் வெட்டப்படுவதும் அந்தக் கல்தான். மழைநீர் அதில் இறங்கி, கல்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு கிணற்றில் ஊறுகிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கு வந்து குடியேறிய யாழ்ப்பாணத்துச் சகோதரிகளுக்கு இது புதிதல்ல. அங்கும் இதே கல், இதே தண்ணீர்.

இத்தகைய வன்மையான நீரில் சவர்க்காரம் நுரைக்காது. திரைந்த பால் போல் வெண்கட்டியாகி, துணியின் நூலிழைகளில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளைச் சட்டையில் அது கண்ணுக்குத் தெரியாது, கறுப்பில் காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் கேத்தலின் உட்புறத்தில் படிந்திருக்கும் வெண்படையும் இந்தச் சுண்ணாம்பின் வேலைதான். (இந்த வெண்மை நஜீஸ் அல்ல. அதனால் தொழுகைக்குத் தடையில்லை. சிலர் கேட்பதால் சொல்கிறேன்.)

சாயம் போய்விட்டதா, சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். ஒரு பங்கு வினாகிரிக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து, ஹபாயாவின் உள்மடிப்பில் ஓர் ஓரத்தை நனைத்து, அலசிக் காயவிடுங்கள். கறுப்பு திரும்பினால் அது படிவு, உடுப்பைக் காப்பாற்றலாம். திரும்பாவிட்டால் சாயம் போய்விட்டது. அதற்கு மறுபடி சாயமிடுவதைத் தவிர வழியில்லை.

கறுப்புத் துணியில் கட்டிச் சவர்க்காரத்தைத் தேய்க்காதீர்கள். சலவைத் தூள் அல்லது திரவச் சலவைப் பொருள் நல்லது. தூளை உடுப்பின் மேல் தூவாமல், முதலில் தண்ணீரில் முற்றாகக் கரைத்துவிட்டு நனையுங்கள். சலவைச் சோடா தண்ணீரின் வன்மையைக் குறைக்கும். ஆனால் அதை உடுப்போடு போட்டால் பிரிந்துவரும் சுண்ணாம்பு உடுப்பிலேயே உட்கார்ந்துவிடும். ஆகவே ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி சோடாவைக் கலக்கி இரவு முழுவதும் வையுங்கள். காலையில் அடிமண்டியைக் கலக்காமல் மேல் தண்ணீரை மட்டும் ஊற்றி எடுங்கள். கடைசி அலசலுக்கு ஒரு வாளிக்கு அரைக் கோப்பை வினாகிரி போதும். காய்ந்ததும் மணம் போய்விடும். வினாகிரியையும் குளோரின் வெளிற்றியையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்க வேண்டாம். நச்சு வாயு கிளம்பும்.

ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழைக்குக் கூரைப் பீலியின் கீழ் ஒரு பரல் வையுங்கள். முதல் மழையில் கூரைத் தூசு வரும், அதை விட்டுவிடுங்கள். மழைநீரில் சுண்ணாம்பு இல்லை. கறுப்பு உடுப்புக்கு இதைவிடச் சிறந்த தண்ணீர் நம் பக்கத்தில் கிடைக்காது. பரலைத் தூக்கி வைப்பதும் மூடி வைப்பதும் வீட்டு ஆண்களின் வேலையாக இருக்கட்டும். மூடாவிட்டால் நுளம்பு பெருகும்.

உப்பில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பது பழைய நம்பிக்கை. தொழிற்சாலையில் ஏற்றிய சாயத்தை உப்பு பிடித்து வைக்காது. புதிய உடுப்பின் தையலில் ஈரமான வெள்ளைத் துணியை அழுத்திப் பாருங்கள். கறை வந்தால் சில தடவை தனியாகக் கழுவுங்கள். பருத்தியும் ரேயோனும் வெளுக்கும் அளவுக்கு பொலியெஸ்டர் வெளுப்பதில்லை.

குழாய்க் கிணற்றுத் தண்ணீர் சற்று நேரத்தில் செம்மஞ்சளாக மாறினால் அதில் இரும்பு இருக்கிறது. வெளிற்றி போட்டால் அந்தக் கறை இன்னும் கூடும்.

உடுப்பை உட்புறம் திருப்பி நிழலில் காயவிடுங்கள். வெயில் சாயத்தைத் தின்னும். களப்புக் காற்றில் இரவு முழுவதும் கொடியில் விட்டால் உப்பும் ஈரமும் ஏறும், அஸருக்கு முன்னரே எடுத்துவிடுங்கள். இஸ்திரி போடுவதும் உட்புறமாகவே. பொலியெஸ்டரில் சூடு கூடினால் பளபளக்கும், அந்தப் பளபளப்பு கழுவினாலும் போகாது.