அரக்குத் தட்டில் உறையும் குரல்

தமிழ் நாடக மேடையைத் தம் உச்சக்குரலால் ஆண்ட எஸ்.ஜி. கிட்டப்பா, 1933ஆம் ஆண்டில் தமது 27ஆம் வயதில் மறைந்தார். திரைப்படம் எதிலும் அவர் நடித்ததில்லை. அவர் குரலை இன்றும் நாம் கேட்க முடிவதற்கு இசைத்தட்டுகளே காரணம். அரக்கும் கல்தூளும் கலந்து செய்யப்பட்ட அத்தட்டுகள், கைதவறி விழுந்தால் உடைந்துவிடும். ஒவ்வொரு முறை ஊசி ஊரும்போதும் சிறிது தேயும். ஆகவே, அவற்றிலுள்ள ஒலியை டிஜிட்டல் எனப்படும் எண்ணிம வடிவுக்கு மாற்றுவது இன்றியமையாத பணியாகிறது.

ஒலி என்பது காற்றின் அதிர்வு. அவ்வதிர்வு, தட்டின்மேல் சுருளாகச் செல்லும் வரிப்பள்ளத்தில் நெளிவுகளாகப் பதிந்துள்ளது. ஊசி அந்நெளிவுகளில் ஊர்ந்து அசைய, அவ்வசைவு மின்னலையாக மாறுகிறது. அம்மின்னலையின் அளவை நொடிதோறும் பல்லாயிரம் முறை அளந்து எண்களாக எழுதுவதே எண்ணிமமாக்கம். குறுந்தகட்டுக்கு நொடிக்கு 44,100 அளவீடுகள் போதும். ஆவணக் காப்புக்கோ 96,000 பரிந்துரைக்கப்படுகிறது.

அளப்பதற்கு முன்னரே கவனம் தேவை. வினைல் தட்டுகளைத் துடைக்கும் சில நீர்மங்களில் ஆல்கஹால் உண்டு. அஃது அரக்கைக் கரைத்துவிடும். வினைல் தட்டின் ஊசியும் இங்குப் பொருந்தாது. அரக்குத் தட்டின் பள்ளம் அகன்றது. அதற்கு ஏறத்தாழ மும்மடங்கு பருத்த ஊசிமுனை வேண்டும். மெல்லிய ஊசி பள்ளத்தின் அடியைத் தொட்டு, அங்குப் படிந்த புழுதியின் இரைச்சலையே எழுப்பும்.

வேகமும் முதன்மையானது. பழைய தட்டுகள் அனைத்தும் நிமிடத்திற்குச் சரியாக 78 சுழற்சி என்னும் வேகத்தில் பதிவானவை அல்ல. 74 சுழற்சியில் பதிந்த பாடலை 78இல் ஒலிக்கச் செய்தால், சுருதி ஏறத்தாழ அரைக்கட்டை உயர்ந்துவிடும். பாடகர் பாடாத சுருதியே அவருடையதாக வரலாற்றில் நின்றுவிடும்.

கீறல் ஒலியைக் கணினியால் நீக்கலாம். எனினும், அளவு மீறினால் இரைச்சலுடன் ஜால்ராவின் கலீரொலியும் பாடகரின் மூச்சொலியும் மறையும். எனவே, திருத்தப்படாத முதற்பதிவைத் தனியே காத்து, அதன் படியில் மட்டுமே தூய்மை செய்தல் வேண்டும்.

மாற்றம் முடிந்தபின் மூலத்தட்டு தேவையற்றதாகிவிடுமா? ஆகாது. ஊசி படாமல், ஒளியால் பள்ளத்தைப் படமெடுத்து ஒலியை மீட்கும் முறையை அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் உருவாக்கியுள்ளது. உடைந்த தட்டுகூட அம்முறையால் மீண்டும் பேசக்கூடும். எண்ணிமக் கோப்பு குரலைப் பரப்பும். குரலுக்குச் சான்றாக நிற்பது தட்டே. இரண்டையும் காப்பது நம் கடமை.