‘ஐயோ பாவம்’ வேண்டாம், சாக்கு விரியுங்கள்

புதுச்சேரிக்குப் பக்கத்து இடையஞ்சாவடியின் செம்மண் பாதையில் ஒரு குட்டி யானை வண்டி ஆடி ஆடி வந்து நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் வைக்கோல் பரப்பி, மேலே பழைய மெத்தை போட்டிருக்கிறார்கள். அதில் 35 கிலோ எடையுள்ள ஒரு நாய். இடது முன்னங்கால் இருந்த இடத்தில் மழித்த தோலும், ஒரு சாண் நீளத்துக்குத் தையலும். வண்டிச் சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்ப்பார்கள். எல்லார் வாயிலிருந்தும் முதலில் வருவது ஒரே சொல்தான்: “ஐயோ பாவம்!”

அந்தச் சொல்லில் இருக்கும் ஈரத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பெரிய நாய் ஒன்று காலை இழந்து தேறி வரும் மாதங்களில் அதற்கு அதிகக் கெடுதல் செய்வது அந்தப் பாவம்தான் என்று உறுதியாக நம்புகிறேன். பாவம் பார்த்து அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறோம். எழுந்து நடக்க விடாமல் தூக்கிச் சுமக்கிறோம். இன்னும் ஒரு கை சோறு வைக்கிறோம்.

இந்தக் கரையில் நாய்க்குக் கால் போவதற்குப் பக்கத்திலேயே காரணம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை. மரக்காணத்து உப்பு லாரிகளும், சென்னைக்கும் புதுச்சேரிக்கும் பறக்கும் கார்களும் இரவும் பகலும் ஓடுகிற சாலை. குறுக்கே ஓடும் நாய்மீது வண்டி மோதும்போது எலும்பு முறிவதோடு முடிந்துவிடாது. முன்னங்கால் முறுக்கி இழுபட்டால், கழுத்துத் தண்டிலிருந்து தோள்வழியாகக் காலுக்கு இறங்கும் நரம்புக் கொத்து வேரோடு பிய்ந்துவிடலாம். வெளியே கீறல்கூட இருக்காது. கால் மட்டும் ஈரத்துணிபோலத் தொங்கும். பாதத்தின் மேல்பக்கம் தரையில் தேய்ந்து தேய்ந்து புண்ணாகும். உணர்ச்சியற்ற அந்தக் காலைச் சில நாய்கள் தாமே கடித்துக் குதறும்.

இன்னொரு காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. இடையஞ்சாவடி, பெயரிலேயே இடையரைக் கொண்ட ஊர். ஆடுமாடு வைத்திருக்கும் எந்த ஊரிலும், ஆட்டுக்குக் கால் ஒடிந்தால் மூங்கில் தப்பை வைத்துக் கட்டத் தெரிந்த கை ஒன்று இருக்கும். அந்தக் கைப்பழக்கத்தின்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கட்டுக்குக் கீழே பாதம் வீங்குகிறதா, விரல் சில்லிடுகிறதா என்று தினமும் பார்க்காமல் விட்டால் இறுக்கமே ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். ஆஸ்பத்திரியில் போட்ட கட்டானாலும் இதே ஆபத்து உண்டு. நாற்றம் அடித்த பிறகு அவிழ்த்தால் பாதம் கறுத்துப் போயிருக்கும். ஒரு சாதாரண முறிவு, காலையே எடுக்கும் நிலைக்கு வந்திருக்கும்.

மூன்றாவது, எலும்புப் புற்று. பெரிய உடம்பு நாய்களைத்தான் இது அதிகம் பிடிக்கும். முன்னங்காலில் மணிக்கட்டுக்குச் சற்று மேலேயோ தோளுக்குப் பக்கத்திலோ, பின்னங்காலில் முழங்காலை ஒட்டியோ கெட்டியாக வீங்கும். சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்தே வாரங்கள் ஓடிவிடும். இதில் காலை எடுப்பது வலியைத் தீர்ப்பதற்காக. நோய் பெரும்பாலும் அதற்குள் நுரையீரலுக்கு விதை தூவியிருக்கும். காலை மட்டும் எடுத்தால் பொதுவாக நான்கைந்து மாதம், கீமோவும் சேர்ந்தால் ஓராண்டை ஒட்டி என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. அந்த மாதங்கள் வலியில்லாத மாதங்கள் என்பதால்தான் அறுவைக்கு அர்த்தம் வருகிறது.

“காலை எடுத்துடலாம்” என்று மருத்துவர் சொன்னதும் வீட்டில் யாராவது ஒருவர், “அதுக்கு ஊசி போட்டே அனுப்பிடலாமே” என்பார். இவ்வளவு பெரிய உடம்பு மூன்று காலில் எப்படி நிற்கும் என்ற பயம். தான் பிடித்த முயலுக்கு மூணே கால் என்று சாதிப்பவரைக் கேலி செய்கிறது நம் பழமொழி. மூன்று காலில் ஒரு பிராணி இருக்கவே முடியாது என்ற எண்ணம் அதற்குள்ளே ஊறிக் கிடக்கிறது. இருக்க முடியும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2005 முதல் 2012 வரை கால் நீக்கப்பட்ட 64 நாய்களைப் பற்றி வளர்த்தவர்களிடம் கேட்டார்கள். நூற்றுக்கு 91 பேர், நாயின் குணத்தில் மாற்றமே இல்லை என்றார்கள். நாங்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாகத் தேறியது என்று முக்கால்வாசிப் பேருக்கு மேல் சொன்னார்கள்.

எல்லா நாய்க்கும் இது பொருந்தாது. நாயின் உடம்புப் பாரத்தில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்களும் 40 சதவீதத்தைப் பின்னங்கால்களும் தாங்குகின்றன. முன்னங்கால் ஒன்று போனால் மற்றதன்மேல் சுமை ஏறும். மீதியைப் பின்னங்கால்கள் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தப் பின்னங்கால்களில் இடுப்பு மூட்டு ஏற்கெனவே தேய்ந்திருந்தால்? லாப்ரடாருக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் அது அடிக்கடி வரும் கோளாறு. ஆகவே கெட்ட காலை மட்டும் காட்டிவிட்டு வராதீர்கள். நல்ல மூன்று காலையும் பார்த்துச் சொல்லுங்கள் டாக்டர் என்று கேளுங்கள். உண்ணிக் காய்ச்சலுக்கான ரத்தப் பரிசோதனையையும் கேளுங்கள். நம் பக்கத்து நாய்களில் அது அதிகம், ரத்தத் தட்டணுக்களைக் குறைத்துவிடும். கத்தி வைத்தபின் ரத்தம் நிற்காது. இடையஞ்சாவடிக்காரர்களுக்குக் கிட்டத்தில் புதுச்சேரி குரும்பாபேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதைத் தாண்டினால் சென்னை வேப்பேரி, 1903-இல் தொடங்கிய கல்லூரி.

“அடியோடு எடுத்துட்டாங்களே, கொஞ்சமாவது விட்டிருக்கக் கூடாதா?” இதுவும் பலர் கேட்பது. முன்னங்கால் என்றால் பெரும்பாலும் தோள்பட்டை எலும்போடு எடுப்பார்கள். பின்னங்கால் என்றால் தொடையின் மேல்பாதியில் அல்லது இடுப்பு மூட்டில். பாதிக்கால் விட்டால் நாய் அதை ஊன்றப் பார்க்கும்; தரையில் உரசி ஆறாத புண்ணாகும். தோள்பட்டையை விட்டுவைத்தாலும் சுற்றியுள்ள தசை வற்றி எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும்.

இனி வீடு. முதலில் தரையைப் பாருங்கள். இந்த இருபது முப்பது வருடத்தில் நம் வீடுகளுக்கெல்லாம் டைல்ஸ் வந்துவிட்டது. மூன்றுகால் நாய்க்கு அதைப்போலப் பகை கிடையாது. எழுந்திருக்கும்போது ஒரு கால் வழுக்கினால், ஈடுகொடுக்க நான்காவது கால் இல்லை. விழும். தையல் பிரியலாம், அதைவிட மோசம், பயந்துபோய் எழுவதையே விட்டுவிடும். “ஆபரேஷனுக்கு அப்புறம் படுத்தே கிடக்குது” என்று வருத்தப்படும் வீடுகளில் முதலில் தரையைத்தான் பார்க்க வேண்டும். படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர்ச் சட்டிக்கு, அங்கிருந்து வாசலுக்கு, கோணிச் சாக்கையோ கயிற்றுப் பாயையோ பாதைபோல விரியுங்கள். ஓரம் சுருளாமல் ஒட்டுங்கள். சாணம் மெழுகிய மண்தரை வீடாக இருந்தால், அந்த நாய்க்கு அதிர்ஷ்டம். விரலிடுக்கில் வளரும் முடியைக் கத்தரியுங்கள், நகத்தை வெட்டுங்கள். தரையைப் பிடிப்பது பாதத்தின் மெத்துதான்.

தூக்க வேண்டாம் என்றேன், தாங்கலாம். ஒரு பழைய வேட்டியையோ குற்றாலத் துண்டையோ நான்காக மடித்து, பின்னங்கால் போன நாய்க்கு அடிவயிற்றின் கீழும், முன்னங்கால் போன நாய்க்கு மார்பின் கீழும் கொடுத்து, இரண்டு முனையையும் மேலே பிடித்துக்கொள்ளுங்கள். தையலில் துணி படக் கூடாது. பாரத்தை நாய்தான் சுமக்க வேண்டும். நம் கை, விழாமல் காக்க மட்டும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு நான்கைந்து தடவை போதும். தண்ணீரும் சோறும் இரண்டு செங்கல் உயரத்தில் இருக்கட்டும். ஒற்றை முன்னங்காலோடு தரைவரை குனிவது அதற்குப் பெரும்பாடு.

முதல் இரவில் பல நாய்கள் அழும். மயக்க மருந்தும் வலி மருந்தும் உடம்பைவிட்டு இறங்கும்போது இடம் தெரியாமல் குழம்பும். இரண்டாம், மூன்றாம் நாள் இன்னும் கடினம், ஆஸ்பத்திரி ஊசியின் வேகம் தீர்ந்திருக்கும். “தப்புப் பண்ணிட்டோமோ” என்று வீட்டிலிருப்பவர்கள் கண் கலங்குவது பெரும்பாலும் அப்போதுதான். பொறுங்கள். வலி மாத்திரையை நேரம் தவறாமல் கொடுங்கள். ஆனால் நம் முதுகுவலிக்கு வாங்கிவைத்த மாத்திரையை ஒருபோதும் கொடுக்காதீர்கள். இபுப்ரூஃபன், டைக்ளோஃபினாக் இரண்டும் நாயின் குடலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். மலம் நான்கைந்து நாள் வராமல் இருக்கலாம். மூன்று காலில் அந்தக் குந்தல் நிலையைப் பழகவே சில நாள் ஆகும்.

இல்லாத கால் வலிப்பதும் உண்டு. நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கும் நாய் திடுக்கென்று கத்தி எழுந்து, காலில்லாத பக்கத்தைத் திரும்பிப் பார்க்கும். மனிதர்களுக்கும் இது வரும். அறுபட்ட நரம்பு அனுப்பும் செய்தி அது. காபாபென்டின் என்ற மருந்தை இதற்காக மருத்துவர்கள் எழுதுவார்கள். நிறுத்துவதானாலும் அவர்களைக் கேட்டே நிறுத்த வேண்டும்.

நம் ஊரில் தையலைவிட நான் அதிகம் பயப்படுவது ஈக்கு. ஈரப் புண்ணில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். வீட்டில் கிடக்கும் பழைய பருத்திப் பனியனை மாட்டிவிட்டால் புண்ணும் மூடும், காற்றும் போகும், தினம் மாற்றுங்கள். மஞ்சளை அப்புவது, வேப்பெண்ணெய் ஊற்றுவது, டர்பன்டைன் விடுவது எதுவும் தையல்மேல் வேண்டாம். நக்காமல் இருக்கக் கழுத்தில் போடும் கூம்புப் பட்டையை, தையல் பிரிக்கும் 10 முதல் 14 நாள்வரை கழற்றாதீர்கள். அதைக் கழற்றுவதும் பாவம் பார்த்துத்தான், பத்தே நிமிடத்தில் தையலை நக்கிப் பிரித்துவிடும்.

நான்காம் ஐந்தாம் நாளில் தையலடியில் தண்ணீர்ப் பைபோல வீங்கினால் பதறாதீர்கள், குத்தி எடுக்கவும் கூடாது. பெரும்பாலும் தானே வற்றும். வயிற்றுப் பக்கம் நீலமும் பச்சையுமாகத் தெரிவது கீழிறங்கிய ரத்தக்கட்டு. நாயின் இயல்பான சூடே 101 முதல் 102.5 டிகிரி, நம் கணக்கை வைத்துக் காய்ச்சல் என்று நினைக்க வேண்டாம். 103-ஐத் தாண்டினாலோ, சீழ் வந்தாலோ, நாற்றம் அடித்தாலோ, இரண்டு நாள் சாப்பாட்டைத் தொடாவிட்டாலோ உடனே வண்டி பிடியுங்கள்.

கடற்கரை ஊர்களில் ஒரு நம்பிக்கை உண்டு: உப்புத் தண்ணீர் பட்டால் புண் ஆறும். தையல் உள்ளவரை கடலில் இறக்காதீர்கள். உப்பளப் பாத்திப் பக்கம் பிறகும் வேண்டாம். கடல்நீரில் உப்பு சுமார் 3.5 சதவீதம்; பாத்தியில் உப்பு பூக்கும் நேரத்தில் 25 சதவீதத்தைத் தொடும். பாதத்தின் வெடிப்பில் அது எரியும். நாய் நக்கி விழுங்கினால் உடம்புக்கே கேடு. மிதித்துவிட்டு வந்தால் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். மூன்றே பாதம்தான் இருக்கிறது, ஒன்றில் புண் வந்தாலும் நாய் படுத்துவிடும். வெயிலில் தார் சாலையும் அப்படித்தான்; விடியற்காலையில் செம்மண்ணிலும் முந்திரித் தோப்பிலும் நடத்துங்கள். புண் முழுதாக ஆறி மருத்துவரும் சரி என்றபின், அலையில்லாத ஏரித் தண்ணீரில் நீந்தவிட்டால் மூட்டுக்குப் பாரமில்லாமல் தசை ஏறும். கழுவெளி ஏரியில் மட்டும் இறக்க வேண்டாம்; 2021-இல் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டுவிட்டது.

செயற்கைக்கால் வைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தாய்லாந்தில் 2006-இல் கண்ணிவெடியில் முன்னங்கால் இழந்த மோஷா என்ற யானைக்குட்டிக்குச் செயற்கைக்கால் செய்தார்கள்; வளர வளரப் புதிது புதிதாக மாற்றினார்கள். ஜெய்ப்பூரில் தபேஷ் மாத்தூர் என்ற கால்நடை மருத்துவர் மாடுகளுக்குச் செய்கிறார். யானையும் மாடும் அவ்வளவு பாரத்தை மூன்று காலில் சுமந்து நெடுநாள் தாக்குப்பிடிப்பது கடினம். நாய் தாக்குப்பிடிக்கும். தோளோடு எடுத்தபின் மாட்டுவதற்கு இடமும் இல்லை. அந்த ஆசை இருந்தால் அறுவைக்கு முன்பே பேச வேண்டும்.

கடைசியாகச் சோறு. நம் வீடுகளில் அன்பு தட்டு வழியாகத்தான் வெளியே வரும். காலிழந்த நாய் தட்டைப் பார்த்து நின்றால் யாருக்குத்தான் மனம் கேட்கும்? ஆனால் கூடுகிற ஒவ்வொரு கிலோவும் மீந்த மூன்று கால்மேல்தான் உட்காரும். விலா எலும்பு கண்ணுக்குத் தெரிய வேண்டாம். தடவினால் கைக்குத் தெரிய வேண்டும். சோற்றைக் குறைத்து முட்டையும் வேகவைத்த கோழியும் கொடுங்கள். வெங்காயம் சேர்ந்த மிச்சத்தை வைக்காதீர்கள், அது நாய்க்கு நஞ்சு. பாட்டி ஒளித்துவைத்துக் கொடுக்கும் பிஸ்கட்டுக்கும் கணக்கு வேண்டும். அவரிடம் தன்மையாகச் சொல்லுங்கள், காரணம் புரிந்தால் விட்டுவிடுவார்.

முன்னங்கால் இழந்த ஆண் நாய் முதல் சில வாரம் குட்டியைப்போலக் குந்தித்தான் ஒன்றுக்குப் போகும். ஒரு கால் ஏற்கெனவே இல்லை. பின்னங்காலையும் தூக்கினால் இரண்டே காலில் நிற்க வேண்டுமே. பிறகு ஏதோ ஒரு விடியலில், சாக்குப் பாதையைத் தாண்டி, வாசலைத் தாண்டி, முந்திரி மரத்தடிக்குப் போகும். முகர்ந்து பார்க்கும். உடம்பைச் சற்றுச் சாய்த்து, இருக்கிற ஒற்றை முன்னங்காலை மார்புக்கு நேரே கொண்டுவந்து ஊன்றும். துண்டைப் பிடித்துக்கொண்டு ஓடாதீர்கள். பின்னங்கால் மெல்ல மேலே எழும்.