பிழைத்தவரின் சாட்சி போதுமா?

மஞ்சள் காமாலை என்று படுத்தவர் சில நாட்களில் பிதற்ற ஆரம்பிக்கிறார். மறுநாள் கூப்பிட்டால் கண் திறப்பதில்லை. திடீர் கல்லீரல் செயலிழப்பு இப்படித்தான் வருகிறது. அம்மோனியா இரத்தத்தில் ஏறி, மூளை வீங்கும். இரத்தம் உறையாமல் போகும். 1960களில், இந்த மயக்கத்தின் கடைசிப் படியான நான்காம் படிக்குப் போனவர்களில் மீண்டவர் மிகச் சிலரே.

அவர்களைச் சும்மா சாகவிட மனமில்லாத மருத்துவர்கள் அன்று எதையும் செய்து பார்த்தார்கள். நோயாளியின் இரத்தத்தை வெளியேற்றிப் புது இரத்தம் ஏற்றினார்கள். அமெரிக்காவில் பென் ஐஸ்மன் குழுவினர் பன்றியின் கல்லீரலை உடலுக்கு வெளியே வைத்து, நோயாளியின் இரத்தத்தை அதன் வழியே ஓடவிட்டார்கள். ஸ்டீராய்டும் தாராளமாகப் போனது. யாராவது கண் விழித்துவிட்டால் அந்தச் சிகிச்சைக்குப் பெயர் வந்துவிடும். அது இல்லாமலும் அவர் விழித்திருப்பாரா என்று கேட்க அப்போது வழியில்லை.

லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையின் கதை இதற்கு நல்ல சாட்சி. ரோஜர் வில்லியம்ஸ் தலைமையில் அங்கே 1970களில் கரியை நம்பினார்கள். டயாலிசிஸ் செய்வதுபோல இரத்தத்தை வெளியே எடுத்து, கரித்துகள் அடைத்த குழல் வழியே அனுப்பி, நஞ்சை உறிஞ்சவிட்டு, மறுபடி உடலுக்குள் செலுத்துவார்கள். 1982இல் அவர்கள் வெளியிட்ட முடிவு உற்சாகம் தந்தது: மூன்றாம் படி மயக்கத்திலேயே கரிச் சிகிச்சை தொடங்கியவர்களில் 65 சதவீதம் பேர் பிழைத்திருந்தார்கள்.

அதோடு நிறுத்தியிருந்தால் கரி இன்றும் ஓடிக்கொண்டிருக்கும். அதே குழுவினர் தங்கள் சிகிச்சையைத் தாங்களே சோதனைக்கு உட்படுத்தினார்கள். நான்காம் படியில் இருந்தவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்குக் கரி, மறு பாதிக்குக் கரி இல்லாத தீவிர சிகிச்சை மட்டும் என்று வைத்தார்கள். 1988இல் முடிவு வந்தது. கரி பெற்றவர்களில் 34.5 சதவீதம் பேரும் பெறாதவர்களில் 39.3 சதவீதம் பேரும் பிழைத்தார்கள். கரியால் பலனில்லை. மூளை வீக்கத்தைக் குறைக்கும் மேனிட்டால், செயற்கைச் சுவாசம், இரவுபகல் கண்காணிப்பு என்று தீவிர சிகிச்சைப் பிரிவு செய்த வேலைக்கான பெயரை அதுவரை கரி வாங்கிக்கொண்டிருந்தது.

ஒப்பிட்டுப் பார்க்காமல் நம்பக்கூடாது என்ற அந்தப் பாடத்தின் மேல் எழுந்தவை பிந்தைய சோதனைகள். என்-அசிட்டைல்சிஸ்டீன் பாராசிட்டமால் நஞ்சுக்கு முறிமருந்து. பாராசிட்டமாலால் கல்லீரல் செயலிழந்த 50 பேரிடம் இதே கிங்ஸ் மருத்துவமனை சோதித்தது. மருந்து பெற்ற 25 பேரில் 12 பேரும், பெறாத 25 பேரில் 5 பேரும் பிழைத்ததாக 1991இல் அறிவித்தது.

வேறு காரணங்களால் கல்லீரல் கெட்டவர்களுக்கும் இது உதவுமா? அமெரிக்காவில் வில்லியம் லீ குழுவினர் 24 மருத்துவமனைகளில் 1998 முதல் 2006 வரை தேடியும் 173 பேரைத்தான் சேர்க்க முடிந்தது. நோயோ அரிது, நோயாளியோ தெளிவாகப் பேசும் நிலையில் இல்லை. சோதனைக்குச் சம்மதக் கையெழுத்துப் போடவேண்டியவர் பெரும்பாலும் வாசலில் நிற்கும் உறவினர்தான். இன்று மாற்றுக் கல்லீரலும் உண்டு என்பதால், பிழைத்தாரா என்று மட்டும் பார்த்தால் போதாது. மாற்று இல்லாமல் பிழைத்தாரா என்றும் பார்க்கவேண்டும். 2009இல் வந்த விடை: மருந்து பெற்றவர்களில் 40 சதவீதம் பேர் மாற்று இல்லாமல் பிழைத்தார்கள், பெறாதவர்களில் 27 சதவீதம். பலன் மயக்கத்தின் முதல் இரண்டு படிகளில் இருந்தவர்களுக்கே. முற்றியவர்களுக்கு உதவவில்லை.

அன்று செய்து பார்த்த இரத்த மாற்றம் வேறு உருவில் திரும்பியும் வந்தது. முழு இரத்தத்துக்குப் பதில் பிளாஸ்மாவை மட்டும் பெரிய அளவில் மாற்றும் முறையை கோபன்ஹேகன், லண்டன், ஹெல்சிங்கி நகரங்களில் 182 பேரிடம் சோதித்தார்கள். 2016இல் வெளியான முடிவின்படி பிளாஸ்மா மாற்றப்பட்டவர்களில் 58.7 சதவீதம் பேரும் மற்றவர்களில் 47.8 சதவீதம் பேரும் உயிரோடு வீடு திரும்பினார்கள்.

பெரியவர்களுக்கு உதவிய அசிட்டைல்சிஸ்டீனைக் குழந்தைகளிடமும் தனியாகச் சோதித்தார்கள். பாராசிட்டமால் காரணமில்லாத 184 குழந்தைகள் சேர்ந்தனர். 2013இல் வந்த முடிவு தலைகீழ்: ஓராண்டுக்குப் பின் மாற்றுக் கல்லீரல் இல்லாமல் உயிரோடு இருந்தவர்கள், மருந்து பெற்றவர்களில் 35 சதவீதம்; போலி மருந்து பெற்றவர்களில் 53 சதவீதம். அந்தக் குழந்தைகளின் பெற்றோர் சோதனைக்குச் சம்மதித்திராவிட்டால், பெரியவர்களுக்குக் கேட்ட மருந்துதானே என்று உலகெங்கும் குழந்தைகளுக்கும் நம்பிக்கையோடு ஏற்றிக்கொண்டிருப்பார்கள்.