பனியில் ஒரு திணைவழு

ஹட்டனிலும் நுவரெலியாவிலும் வாழ்வோர்க்கு மூடுபனி புதிதன்று. அதனைப் பற்றி என் மாணவன் ஒருவன் மூன்று வரி எழுதிக் கொணர்ந்தான். "ஹைக்கூ, ஐயா" என்றான். கீழைத்தேயக் கல்லூரியிலே காரிகை கற்ற எனக்கு அப்பெயர் அத்துணை உவப்பானதன்று. முறித்தெழுதும் வரிகளுக்கெல்லாம் அதனைச் சூட்டுதல் இந்நாளில் வழக்கமாய்விட்டதே! ஆயினும் பையன் முகத்தைப் பார்த்தபின், மறுக்குமுன் கற்றுப் பார்ப்போம் என எண்ணினேன்.

தமிழுக்கு இது நேற்று வந்த விருந்தன்று. 1916-ஆம் ஆண்டிலேயே பாரதியார் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையின் சுருக்கத்தை வியந்து எழுதினார். ஹொக்கு என வழங்கியதற்கு ஹைக்கூ என்னும் பெயரை நிலைபெறச் செய்தவர் ஷிகி (1867–1902). தமிழில் தனி நூல்களாக அமுதபாரதியின் 'புள்ளிப் பூக்க'ளும் அறிவுமதியின் 'புல்லின் நுனியில் பனித்துளி'யும் 1984-இல் வெளிவந்தன. 5, 7, 5 என 17 ஒலி. பருவத்தைச் சுட்டும் ஒரு சொல். ஓரிடத்தே அறுத்து நிறுத்தும் ஒரு சொல். மரபிலக்கணம் இவ்வளவே.

எண்ணும் முறையிலேதான் என் பண்டித மனம் சிக்கியது. ஜப்பானியர் நெடிலை இரண்டாக எண்ணுவர். னகர ஒற்றையும் ஒன்றாகக் கொள்வர். நம் மாத்திரைக் கணக்குக்கு அது அணித்தே. எனினும் ஒற்றுக்கு நாம் அரை மாத்திரைக்கு மேல் ஈவதில்லை. தொல்காப்பியரோ அடியை எழுத்தெண்ணி வகுக்குமிடத்து ஒற்றைக் கணக்கிலே சேர்ப்பதில்லை. அவர் கணக்கில் 4 முதல் 6 எழுத்து வரை குறளடி. 7 முதல் 9 வரை சிந்தடி. அங்ஙனமாயின் 5, 7, 5 என்பது குறளடி, சிந்தடி, குறளடி! முழுப் பாட்டின் 17 எழுத்தும் நெடிலடியின் மேலெல்லையிலே வந்து நிற்கின்றன. பருவச் சொல்லோ நம் முதற்பொருளுக்கு உறவு. தொலைந்த பங்காளியைக் கண்டெடுத்தவன்போல் அன்றிரவு மகிழ்ந்தேன்.

அம்மகிழ்ச்சியோடு பையனின் ஏட்டைத் திருத்த அமர்ந்தேன்.

பனிமூட்டத்துள்
கூடைகள் ஏறும் மலை –
எது என் அம்மா?

ஒற்று நீக்கி எண்ணினேன், ஓரெழுத்தும் பிசகவில்லை. ஆனால் தாயை 'எது' என்பதா? உயர்திணையன்றோ! சிவப்பு மையால் அடித்து 'எவர்' என்று எழுதினேன். எழுத்துக் கணக்கும் கெடவில்லை என்பதிலே எனக்குச் சிறிது செருக்கு.

மறுநாள் ஏட்டை வாங்கிப் பார்த்தவன் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "கூடைதாங்க ஐயா தெரியுது. பனி விலகினாத்தான் அம்மா தெரிவாங்க" என்றான்.

தூரத்தே தோன்றுவது கட்டையோ மனிதனோ என ஐயுறுமிடத்து அஃறிணையாற் சொல்லலாம் என்று இலக்கணமே இடந்தந்திருக்கிறது. எத்தனை ஆண்டு அதனைப் பாடஞ் சொல்லியிருப்பேன்! ஆனால் கட்டையையும் மனிதனையும் நான் கரும்பலகையில் மட்டுமே கண்டவன்.

அடுத்த நாள் விடியலில் கொழுந்து மலையடியிலே போய் நின்றேன். (சில தோட்டங்களில் கூடை போய்ச் சாக்குப்பை வந்துவிட்டது, அங்கே இன்னும் கூடைதான்.) இடுப்பிற் படங்கும் தலையிற் கயிறுமாகப் பெண்கள் என்னைக் கடந்து சென்றனர். இருபது அடி ஏறியதும் ஆளைக் காணோம். கூடைகள் மட்டும் மேலே போயின. அவற்றுள் அவன் தாயின் கூடை எது?

வகுப்புக்கு வந்ததும் ஏட்டைக் கேட்டு வாங்கி, 'எவர்' என்பதை அடித்து, 'எது' என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன்.