எழுபது வளைவுகள், ஒரு மகிழுந்து

நுழையும்முன்

கொல்லிமலை என்றவுடன் தமிழ் படிப்போர்க்கு வல்வில் ஓரியும் கொல்லிப்பாவையும் நினைவுக்கு வருவர். இன்று அம்மலைக்குச் செல்வோர் முதலில் எதிர்கொள்வது காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளை. குண்டூர் நாடு முதலிய மலைநாட்டு ஊர்களின் மிளகும் காப்பியும் அன்னாசியும் சமவெளியை அடைவது மலைச்சாலையின் வழியேதான். நோயாளியும் மாணவரும் மணமக்களும் அவ்வழியேதான் வந்தாக வேண்டும். அத்தகைய சாலையில் இன்றைய மகிழுந்து ஒன்று எவ்வாறு இயங்குகிறது, எதுவரை நம்மைக் காக்கிறது என்பதை விளக்குகிறது இப்பாடம்.

சில ஆண்டுகளுக்கு முன் தேர்வுப் பணிக்காகக் குண்டூர் நாட்டுக்குச் சென்று, வாடகை மகிழுந்து ஒன்றில் கீழே இறங்கிக்கொண்டிருந்தேன். ஓட்டுநர் சமவெளியைச் சேர்ந்தவர், வண்டியோ புதியது. பாதி வளைவுகளைக் கடந்திருப்போம். கருகிய நாற்றம் ஒன்று உள்ளே பரவியது. அடுத்த வளைவை நெருங்கியபோது ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது, வண்டியின் வேகமோ உடனே குறையவில்லை. அவர் பதறாமல் கியரைக் குறைத்து, கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, மலைப்பக்கம் இருந்த மண்மேட்டை ஒட்டி வண்டியை நிறுத்தினார். எவருக்கும் காயமில்லை. வண்டியில் பிழை ஏதுமில்லை என்பதைப் பின்னரே அறிந்தேன். அதில் இருந்த பாதுகாப்புக் கருவிகள் அனைத்தும் நன்றாகவே இயங்கின. ஆயினும் அவற்றுள் எதுவும் அன்று உதவவில்லை. ஏன் என்பதே இப்பாடத்தின் கேள்வி.

சொற்களைப் பற்றி ஒன்று கூறிவிடுகிறேன். திசைமாற்றி, முடுக்கி, பல்லிணை முதலிய கலைச்சொற்கள் தமிழில் உள்ளன. அவற்றை நீங்கள் அறிந்திருத்தல் நன்று. ஆனால் சரக்குந்துகளுக்குக் கூடு கட்டும் தொழிலில் பெயர்பெற்ற நாமக்கல்லின் பட்டறைகளில் வழங்குபவை ஸ்டியரிங், கியர், பிரேக், கிளட்ச் என்பனவே. ஆபத்து நேரத்தில் எல்லார்க்கும் உடனே விளங்கும் சொல்லே வேண்டும் என்பதால் இங்கு அவற்றையே ஆள்கிறேன்.

கைக்கும் காலுக்கும் எட்டுபவை

ஓட்டுநரின் காலடியில் மூன்று மிதிகள்: இடப்புறம் கிளட்ச், நடுவில் பிரேக், வலப்புறம் ஆக்சிலரேட்டர். தானியங்கிக் கியர் உள்ள வண்டிகளில் கிளட்ச் மிதி இராது. ஸ்டியரிங், விளக்குகள், துடைப்பான், ஒலிப்பான் ஆகியவை கைக்கு எட்டும் இடத்தில் அமைந்திருக்கும். இவற்றின் பயன் நீங்கள் அறிந்ததே.

பலரும் கவனியாமல் விடுவது முகப்பில் ஒளிரும் சிறு குறிகளை. சாவியைத் திருப்பியவுடன் அவற்றுட் பல ஒருசேர ஒளிர்ந்து, பின்னர் அணையும். அது வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் நேரம். அணையாமல் நிற்கும் குறியைப் பொருட்படுத்த வேண்டும். மஞ்சள், விரைவில் பழுது பார்க்கச் சொல்வது. சிவப்பு, பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்தச் சொல்வது. கைப்பிரேக்கை விடுவித்த பின்னரும் பிரேக் குறி சிவப்பாகவே நின்றால், பிரேக் எண்ணெய் குறைந்திருக்கலாம். அந்நிலையில் காரவள்ளிச் சாலையில் இறங்கலாகாது.

நாற்பது லிட்டர் கொதிநீர்

இயற்பியல் வகுப்பில் நிலையாற்றலைக் கணக்கிடக் கற்றிருப்பீர்கள். ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோகிராம் நிறையுள்ள மகிழுந்து 1,000 மீட்டர் உயரம் இறங்குவதாகக் கொள்வோம். நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 1 கோடியே 18 லட்சம் ஜூல் வரும். இவ்வாற்றல் எங்கேயாவது சென்றாக வேண்டும். கீழே வந்து சேரும்போது வண்டி நின்றுவிடுகிறது. ஆகவே இதன் பெரும்பகுதி வெப்பமாக மாறியிருக்க வேண்டும். 30 பாகை வெப்பநிலையில் உள்ள 40 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ இதே அளவு வெப்பம் போதும். ஒரு பெரிய அண்டா நிறைய நீரைக் கொதிக்கவைக்கும் வெப்பத்தை, தட்டளவே உள்ள பிரேக் வட்டுகளின் மீது ஏற்றிக்கொண்டு இறங்கினால் என்னவாகும்?

முதலில் பிரேக் கட்டைகளின் உராய்வுத்திறன் குறைகிறது. மிதி இறுக்கமாக இருந்தும் வேகம் தணிவதில்லை. இரண்டாவது தீங்கு கண்ணுக்குத் தெரியாதது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை தாழும். பழைய எண்ணெய் மிகுவெப்பத்தில் கொதித்துக் குமிழிகளாகும். நீர்மத்தை அமுக்க இயலாது, ஆவியை அமுக்கலாம். எனவேதான் காலின் அழுத்தம் குமிழிகளை அமுக்குவதிலேயே கழிந்து, மிதி ஆழமாக இறங்கியது. அவ்வெண்ணெயை உற்பத்தியாளர் குறிப்பிட்ட காலத்தில் மாற்றிவிட வேண்டும்.

இதற்கான மருந்து வண்டியிலேயே உள்ளது. தாழ்ந்த கியரில் இறங்கினால் சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்ற வேண்டியதாகிறது. எஞ்சின் அதை எதிர்க்கிறது. இறக்கத்தின் ஆற்றலில் பெரும்பங்கை எஞ்சின் ஏற்றுக்கொள்ள, பிரேக்கை வளைவுகளுக்கு முன் மட்டும் மிதித்தால் போதும். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது பழைய ஓட்டுநர்களின் வழக்கு. தானியங்கி வண்டியிலும் தாழ்ந்த கியரை நாமே தேர்ந்துகொள்ள வழி உண்டு. கியர்க்கோலை வழக்கமான ஓட்டநிலையிலேயே விட்டுவிட்டு இறங்குவது எங்கள் ஓட்டுநர் செய்த பிழை.

எரிபொருளை மிச்சப்படுத்துவதாக எண்ணி நியூட்ரலில் இறங்குவோரும் உளர். அவர்களை நினைத்தால் எனக்கு அச்சமே மேலிடுகிறது. இன்றைய எஞ்சின்கள் கியரில் இறங்கும்போது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன், எரிபொருள் பாய்வதைத் தாமே நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலிலோ எஞ்சின் சுழன்றுகொண்டிருப்பதற்காக எரிபொருள் செலவாகிறது. சிலர் எஞ்சினையே அணைத்துவிடுவர். அப்போது பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைத்துவந்த துணைவிசை நின்றுபோகும். பிரேக் ஓரிருமுறைக்குப் பின் கல்லாகிவிடும்.

இறக்கக் கட்டுப்பாடு என்னும் வசதி சில வண்டிகளில் உண்டு. அதை இயக்கினால் வண்டி தானே மெதுவாக இறங்கும். ஆனால் அதுவும் பிரேக்குகளைக் கொண்டே வேகத்தைக் குறைக்கிறது. செங்குத்தான சிறு சரிவுக்கு அது ஏற்றது. 70 வளைவுகளுக்குத் தாழ்ந்த கியருக்கு மாற்றாகாது. மின்மகிழுந்தில் மோட்டாரே இறக்கத்தில் மின்னாக்கியாக மாறி மின்கலத்தை நிரப்பும். மலையுச்சியிலேயே மின்கலம் முழுதும் நிரம்பியிருந்தால் அவ்வாற்றலை வாங்கிக்கொள்ள இடமிராது. ஆகவே மலைமேல் முழுதும் மின்னேற்றிக்கொண்டு இறங்காதிருப்பது நல்லது.

சக்கரத்தின் பிடி

வண்டி சாலையைத் தொடுவது நான்கு இடங்களில் மட்டுமே. ஒவ்வோரிடமும் ஏறக்குறைய உள்ளங்கை அளவுதான். வேகமெடுப்பதும் நிற்பதும் திரும்புவதும் அந்நான்கு உள்ளங்கைகளின் உராய்வால் நிகழ்கின்றன. டயரின் வரிப்பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என விதி கூறுவது இதனால்தான்.

திடீரெனப் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் சுழற்சியை நிறுத்திச் சறுக்கத் தொடங்கும். சறுக்கும் சக்கரம் ஸ்டியரிங்கின் சொல்லைக் கேளாது. இதைத் தடுப்பதே ஏ.பி.எஸ். எனப்படும் பூட்டுத்தடுப்பு பிரேக் அமைப்பு. ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள உணரி அதன் சுழற்சியைக் கண்காணிக்கிறது; சக்கரம் பூட்டிக்கொள்ளும் நிலை வந்தால் பிரேக்கின் அழுத்தம் நொடிக்குப் பலமுறை தளர்ந்தும் இறுகியும் செயல்படுகிறது. அப்போது மிதி காலடியில் அதிரும். அதிர்ச்சியில் காலை எடுத்துவிடக் கூடாது. மேலும் அழுத்திக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். 1978இல் ஜெர்மனியில் விலையுயர்ந்த மகிழுந்துகளில் அறிமுகமான இவ்வமைப்பு, 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கப்படும் புதிய மகிழுந்துகளுக்குக் கட்டாயமாயிற்று. இது திரும்பும் ஆற்றலைக் காப்பது. நிற்கும் தூரத்தை எப்போதும் குறைப்பதன்று. மழைக்குப்பின் சரளைக்கல் பரவிய வளைவில் அத்தூரம் கூடவும் கூடும்.

இ.எஸ்.சி. எனப்படும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு இன்னும் ஒருபடி மேல். ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்பிய அளவையும் வண்டி உண்மையில் திரும்பும் அளவையும் ஒப்பிட்டு, இரண்டும் வேறுபட்டால் தேவையான ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து வண்டியை நேர்ப்படுத்துகிறது. வண்டி வளைவின் வெளிப்புறமாக நழுவினால் உட்புறப் பின்சக்கரம் பிடிக்கப்படும். பின்பகுதி வீசினால் வெளிப்புற முன்சக்கரம் பிடிக்கப்படும். மனிதக் கால்களால் ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுக்க இயலுமா?

ஆயினும் இவை எல்லாம் உராய்வு என்னும் எல்லைக்குள் நின்று செயல்படுபவையே. ஒரு கொண்டை ஊசி வளைவின் ஆரம் 10 மீட்டர் எனவும், உலர்ந்த சாலையின் உராய்வுக் கெழு 0.6 எனவும் கொண்டால், வண்டி பிடிநழுவாமல் திரும்பக்கூடிய உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 27 கிலோமீட்டர். மழையில் அக்கெழு 0.35 ஆகக் குறைந்தால் 21 கிலோமீட்டர். வேகம் இருமடங்கானால் தேவைப்படும் மையநோக்கு விசை நான்மடங்காகும். எந்த மின்னணுக் கருவியும் இக்கணக்கைத் திருத்தாது. 2019 ஜூலை முதல் புதிய மகிழுந்துகளில் கட்டாயமாக்கப்பட்ட வேக எச்சரிக்கை ஒலி 80 கிலோமீட்டரைத் தாண்டினால்தான் எழும். நெடுஞ்சாலைக்குத் தக்க எச்சரிக்கை அது. கொல்லிமலையில் அவ்வொலி எழாதிருப்பதால் நாம் பாதுகாப்பாகச் செல்கிறோம் என்று பொருளாகாது.

பட்டையும் பையும்

1959இல் வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் வடிவமைத்த மும்முனை இருக்கைப் பட்டையே இன்றும் மகிழுந்தின் முதன்மைக் காவல். அந்நிறுவனம் இக்காப்புரிமையைப் பிற நிறுவனங்களும் பயன்படுத்துமாறு திறந்துவிட்டது. வணிக உலகில் இத்தகைய செயல் அரிது.

மலைச்சாலையில் வேகம் குறைவுதானே, பட்டை எதற்கு என்பர் சிலர். மணிக்கு 36 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 10 மீட்டர். மோதலில் வண்டி பத்தில் ஒரு நொடிக்குள் நின்றுவிட்டால், முன்னிருக்கையில் தாயின் மடியிலுள்ள 10 கிலோகிராம் குழந்தையைப் பிடித்துநிறுத்த 1,000 நியூட்டன் விசை வேண்டும். நூறு கிலோ மூட்டையைக் கைகளால் தாங்குவதற்கு இது நிகர். எந்தத் தாயாலும் இயலாது. குழந்தைக்குரிய தனி இருக்கையைப் பின்னிருக்கையில் பொருத்த வேண்டும். பின்னிருக்கையில் அமரும் நீங்களும் பட்டை அணிய வேண்டும். அணியாதவர் மோதலின்போது முன்னிருப்பவர் மீது எறியப்படுவார்.

காற்றுப்பை பட்டைக்குத் துணையே, மாற்றன்று. மோதலை உணரி அறிந்ததும் ஏறத்தாழ 30 மில்லிநொடியில் பை விரிகிறது. அவ்வேகமே அதன் பயனும் தீங்கும். பட்டையின்றி முன்னே பாய்பவர், விரிந்துகொண்டிருக்கும் பையின் மீது மோதுவார். முகப்புப் பலகையின் மீது கால் நீட்டுவதும், பை விரியும் இடத்தில் தலையாட்டி பொம்மையையோ தெய்வ உருவையோ ஒட்டிவைப்பதும் நம்மிடையே மிகுதி. பை விரிந்தால் அவ்வுரு முகத்தை நோக்கிப் பறந்து வரும். பக்திக்கு வேறு இடம் தேடலாம்.

புதிய மகிழுந்து வாங்குவோர் அதன் மோதல் சோதனை மதிப்பீட்டைப் பார்க்கலாம். 2023இல் தொடங்கப்பட்ட பாரத் என்கேப் திட்டம் மகிழுந்துகளை மோதவைத்துச் சோதித்து, ஐந்து வரை விண்மீன்களை வழங்குகிறது.

வளைவுக்கு அப்பால்

அண்மைக்கால வண்டிகளில் ஒளிப்படக்கருவியும் ரேடாரும் சாலையைப் பார்த்துக்கொண்டே வருகின்றன. முன்னே தடை தோன்றினால் தாமே பிரேக் கொடுக்கின்றன. தடக்கோட்டை விட்டு விலகினால் ஸ்டியரிங்கைச் சற்றே திருப்புகின்றன. நான்குவழிச் சாலையில் களைத்த ஓட்டுநரை இவை காத்திருக்கக்கூடும். மலையில் நிலைமை வேறு. தடக்கோடு அழிந்திருக்கும், மூடுபனி கருவியின் கண்ணையும் மறைக்கும், பல வண்டிகளில் குறைந்த வேகத்தில் தடக்காப்பு இயங்குவதே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பாறைக்கு அப்பால் இருப்பதைக் கருவியால் காண இயலாது. ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது வண்டி பின்னோக்கி உருளாமல் ஓரிரு நொடி பிடித்துக்கொள்ளும் ஏற்றத் துணைதான் இச்சாலையில் மெய்யாகப் பயன்படுகிறது. வளைவு நடுவே பேருந்துக்காக நின்றவர்கள் அதன் அருமையை அறிவர்.

சாலை குறுகிய இடத்தில் இறங்கும் வண்டி நின்று, ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. எதிரே வருவதை முன்கூட்டியே அறிந்தால்தான் இதைக் கடைப்பிடிக்க இயலும். மூடுபனியில் உயர்ஒளி விளக்கு பனித்துளிகளில் பட்டுத் திரும்பி நம் கண்ணையே கூசவைக்கும், தாழ்ஒளியே வேண்டும்.

அடுத்த ஆண்டு அதே பணிக்குச் சென்றபோது, திரும்பும் வழியில் குண்டூர் நாட்டைச் சேர்ந்த ஓட்டுநர் ஒருவர் என்னை அழைத்துவந்தார். அவருடைய வண்டி பழையது. நான் மேலே கூறிய கருவிகளுள் பாதி அதில் இல்லை. முதல் வளைவுக்கு முன்பே பாட்டை நிறுத்தினார். குளிரையும் பொருட்படுத்தாமல் தம் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினார். இரண்டாம் கியரில் எஞ்சின் முனகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வளைவின் முனையிலும் ஒலியெழுப்பிவிட்டு ஒரு கணம் காத்திருந்தார். எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். “பதில் ஹாரன் வருதான்னு கேக்குறேன் சார்” என்றார்.