ஒரு சாண் குழாய், ஒரு காரின் ஆயுள்

எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு, பழைய கார்களின் ரப்பர் குழாய்கள் உளுத்துப்போகும் ஆபத்து கூடியிருக்கிறது. மாற்றுவதற்கு அதிகம் செலவாகாது. எந்தக் குழாயைப் போடுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் வருவது வாடை. மாட்டுங்காவில் ஏதோ ஒரு பழைய குடியிருப்பின் கீழ்த்தளம். உறை போட்டு மூடியிருக்கும் பிரீமியர் பத்மினியை ஞாயிற்றுக்கிழமை காலையில் திறந்தால் பெட்ரோல் நெடி குப்பென்று அடிக்கிறது. பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு, குடும்பத்தோடு கிங்ஸ் சர்க்கிளுக்கு இட்லி சாப்பிடக் கிளம்பிவிடுகிறார்கள். பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் இரண்டின் சுத்திகரிப்பு ஆலைகளையும் மாஹுலில் வைத்துக்கொண்டிருக்கும் செம்பூர்வாசிகளுக்கோ இந்த வாடை புதிதே அல்ல. ஆனால் எவ்வளவு பழைய காராக இருந்தாலும் குழாய்கள் சரியாக இருந்தால் உள்ளே பெட்ரோல் நெடி வரக் கூடாது. வந்தால், எங்கோ ஒரு ரப்பர் குழாய் வெடித்துவிட்டது என்று அர்த்தம்.

மும்பைக்கும் பத்மினிக்கும் உள்ள உறவு ஊரறிந்தது. குர்லாவில் இருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலை 1964-ல் ஃபியட் 1100 டிலைட் என்ற பெயரில் தயாரிக்கத் தொடங்கிய கார், 1974-ல் பத்மினி ஆனது. கறுப்பு மஞ்சள் டாக்சியாக நகரின் அடையாளமாகவே மாறிப்போனது. கடைசி பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29 அன்று தார்தேவ் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவானது. மும்பையில் டாக்சிகளுக்கு 20 ஆண்டு வரம்பு உண்டு. அதன்படி 2023 அக்டோபர் 30 முதல் அவை சாலையிலிருந்து விடைபெற்றன.

சொந்தக் கார்களுக்கு அந்தக் கெடு கிடையாது. 15 ஆண்டு முடிந்ததும் வண்டியைப் பரிசோதனைக்குக் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பித்துக்கொள்ளலாம். அப்பா வாங்கிய பத்மினி, முதல் சம்பளத்தில் வாங்கிய மாருதி 800, தாத்தாவின் அம்பாசடர் என்று பாசத்தோடு காப்பாற்றிவருகிறவர்களுக்கு இப்போது வந்திருக்கும் சோதனை வேறு.

புது பெட்ரோல், பழைய ரப்பர்

பெட்ரோலில் 10 சதவிகித எத்தனால் என்ற இலக்கை நாடு 2022 ஜூனில் எட்டியது. 20 சதவிகிதம் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. பழைய கார் வைத்திருப்பவர்களிடையே கலக்கம் எழுந்தபோது, பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் விளக்கம் தந்தது. சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கி.மீ. ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டியிருக்கலாம், அதற்கு அதிகம் செலவாகாது, வழக்கமான சர்வீஸின்போதே செய்துகொள்ளலாம் என்பது அதன் சாரம்.

அமைச்சகம் சொன்னது சரிதான். ஆனால் வருஷத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத வண்டிக்கு கிலோமீட்டர் கணக்கு உதவாது. ரப்பர் ஓடித் தேய்வதைவிட சும்மா நின்று கெடுவதுதான் அதிகம். எஞ்சின் சூடும் காற்றில் உள்ள ஓசோனும் அதை வெளியிலிருந்து வெடிக்க வைக்கின்றன. வளைத்தும் இழுத்தும் மாட்டிய இடங்களில் முதலில் கீறல் விழும். எத்தனாலோ உள்ளிருந்து வேலை செய்கிறது. அதற்கென்று தயாரிக்கப்படாத ரப்பரில் ஊறி அதை உப்ப வைக்கிறது; ரப்பரை மிருதுவாக வைத்திருக்கும் பொருளைக் கரைத்து எடுத்துவிடுகிறது. பல வாரம் நிற்கும் வண்டியில் பெட்ரோல் ஆவியாகிக் குழாய் காய்ந்ததும் சுருங்கி, விறைத்து, பிளக்கிறது.

கூடவே இன்னொரு சங்கடம். பழைய டேங்கின் அடியில் பல வருஷமாகப் படிந்திருக்கும் கசடை எத்தனால் இளக்கிவிடும். அது போய் பில்டரையும் கார்புரேட்டரின் ஜெட்டையும் அடைக்கும்.

எங்கே ஒளிந்திருக்கிறது?

பத்மினியின் டேங்க் பின்னால், எஞ்சின் முன்னால். இடைப்பட்ட தூரத்தைப் பெரும்பாலும் உலோகக் குழாய்தான் கடக்கிறது. ஆனால் ஓடும்போது எஞ்சின் அதிரும், பாடி அதிராது. இரண்டையும் இணைக்கும் இடத்தில் வளைந்து கொடுக்க ஒன்று வேண்டும். அதற்காகத்தான் அந்தச் சின்ன ரப்பர்த் துண்டுகள். ஆளுக்கு ஒரு சாண்கூட இருக்காது.

கெட்டுப்போன துண்டு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து நோயின் குணமும் மாறும். டேங்கிலிருந்து பம்ப் வரை உள்ள பாதையில் பெட்ரோலை உறிஞ்சி இழுக்கிறார்கள். அங்கே கீறல் விழுந்தால் வண்டி ஓடும்போது சொட்டாது. காற்றை உள்ளே இழுக்கும். காலையில் ஸ்டார்ட்டரைத் திரும்பத் திரும்பச் சுழற்ற வேண்டியிருக்கும். மேட்டில் ஏறும்போது வண்டி திணறும். இது கோடை வெப்பத்தில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்வதைப் போலவே தெரிவதால், பம்பின் மேல் ஈரத்துணி போடும் பழைய வைத்தியத்தைச் செய்துவிட்டு மறந்துவிடுகிறார்கள்.

பம்பிலிருந்து கார்புரேட்டர் வரை உள்ள பாதை வேறு. அங்கே பெட்ரோல் தள்ளப்படுகிறது. கீறல் விழுந்தால் சூடான எஞ்சின் மேலேயே பீச்சும். டிஸ்ட்ரிபியூட்டரில் ஒரு பொறி போதும். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரியில்கூடத் தீப்பற்றக்கூடிய ஆவியை விடுவது. மும்பையின் 35 டிகிரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழும். தாராவியின் சந்துகளைப் போல வீட்டு வாசலும் அடுப்பும் வண்டியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் இடத்தில், கசிகிற கார் சொந்தக்காரருக்கு மட்டும் ஆபத்தல்ல.

கேஸுக்கு மாற்றிய வண்டிகளும் தப்பவில்லை. எப்போதாவது மட்டும் பெட்ரோலில் ஓடும் காரில் குழாய்கள் யார் கண்ணிலும் படாமல் காய்ந்து கிடக்கும்.

கறுப்பாக இருப்பதெல்லாம் பெட்ரோல் குழாய் அல்ல

குர்லா சி.எஸ்.டி. சாலையின் பழைய உதிரிபாகக் கடைகளில் பத்மினியின் கதவையோ பம்பரையோ தேடி வாங்கலாம். ரப்பர் குழாயை அங்கே வாங்கக் கூடாது. பிரிக்காத பாக்கெட்டில் இருந்தாலும் ரப்பருக்கு வயதாகிக்கொண்டேதான் இருக்கும். அவசரத்துக்கு ரேடியேட்டர் தண்ணீர்க் குழாயை வெட்டி மாட்டுவது அதைவிட மோசம். பெட்ரோல் பட்டால் அது ஊறி உப்பிவிடும். மோட்டார் சைக்கிள்களில் போடும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபும் நாளடைவில் மஞ்சளாகி, குச்சி போல விறைத்துவிடும்.

வாங்கும் குழாயின் மேல் அச்சிட்டிருப்பதைப் படிக்க வேண்டும். எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று இருந்தால் நல்லது. அதன் உட்சுவர் ஃபுளோரோ ரப்பரால் ஆனது, எத்தனாலைத் தாங்கும். இன்ஜெக்ஷன் வண்டிகளின் அழுத்தத்துக்கென்று வந்தது என்பதால் கார்புரேட்டர் வண்டிக்குத் தாராளமாகப் போதும். ஆர்6 என்பது பழைய தரம். எதுவுமே அச்சிடாத குழாயைத் தொடவே வேண்டாம். அளவுக்குப் பழைய துண்டையே கையோடு கொண்டுபோவது உத்தமம்.

வேலை பெரிதல்ல, ஒழுங்குதான் முக்கியம். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பாட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றிவிட வேண்டும். வெட்டவெளியில், தீயணைப்பான் பக்கத்தில் இருக்க, ஒவ்வொரு துண்டாகக் கழற்றி மாற்ற வேண்டும். பழைய ஸ்க்ரூ கிளிப்பின் பல் புது ரப்பரை அறுத்துவிடும். விளிம்பு மடித்த கிளிப் போட்டு, அளவோடு முடுக்கினால் போதும். பில்டரையும் அப்போதே மாற்றிவிடலாம்; அதன் அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும்.

பலர் கோட்டை விடுவது டேங்க் பக்கத்தில். பானெட்டுக்குள் இருக்கும் இரண்டு துண்டுகளை மாற்றிவிட்டு, பெட்ரோல் ஊற்றும் வாய்க்கும் டேங்குக்கும் நடுவே உள்ள தடித்த குழாயையும் காற்றோட்டக் குழாயையும் விட்டுவிடுகிறார்கள். வண்டிக்குள் நெடி அடிப்பதற்குப் பல சமயம் அவைதான் காரணம். முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு மூட்டையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை.

குழாய், கிளிப், பில்டர், கூலி எல்லாம் சேர்த்தாலும் குடும்பத்தோடு ஹோட்டலுக்குப் போய்வரும் செலவுதான் ஆகும். ஆர்.டி.ஓ. பரிசோதனை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறைதான் வரும். ரப்பர் அதுவரை காத்திருக்காது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை உறையை எடுத்ததும் பானெட்டைத் திறந்து குழாயை லேசாக வளைத்துப் பாருங்கள். மேலே முடி போல மெல்லிய கீறல் தெரிந்தாலோ, விரலில் கறுப்பு ஒட்டினாலோ, அன்றைக்கு கிங்ஸ் சர்க்கிளுக்கு நடந்தே போய்விடுங்கள்.