பாகான் டாலாமில் கொம்பு வில் என்ன ஆகும்?

கொரியாவில் செய்த அசல் கொம்பு வில் ஒன்றை பாகான் டாலாமில் ஓர் அடுக்குமாடி வீட்டுச் சுவரில் மாட்டிவைப்பதாக வைத்துக்கொள்வோம். பக்கத்திலேயே பட்டர்வொர்த் துறைமுகம். தெற்கே பிறை ஆறு கடலில் கலக்கிறது. சன்னலைத் திறந்தால் கடற்காற்று. யாரும் தொடாமலே சில வாரங்களில் வில்லின் விசை தளரத் தொடங்கும். மழை பிடித்துக்கொள்ளும் அக்டோபரில் எடுத்து நாண் ஏற்றினால் வில்லின் கை ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளவும் கூடும்.

பினாங்கு வெயில்தான் காரணம் என்று உடனே சொல்லத் தோன்றும். உண்மையில் வெயிலின் பங்கு கொஞ்சம்தான். கெடுப்பது காற்றிலிருக்கும் ஈரம்.

கொம்பு வில்லை வெட்டிப் பார்த்தால் மூன்று அடுக்கு தெரியும். எய்பவரைப் பார்த்த பக்கம் எருமைக் கொம்பு. அது அழுத்தத்தைத் தாங்கும். இலக்கைப் பார்த்த பக்கம் மாட்டின் தசைநார். அது இழுவையைத் தாங்கும். நடுவில் மூங்கில் அல்லது மரம். மூன்றையும் பிடித்து வைத்திருப்பது பசை. மீனின் வயிற்றிலிருக்கும் காற்றுப்பையைக் காய்ச்சிக் கொரியர்கள் இந்தப் பசையை எடுத்தார்கள். நம் மீனவர்கள் நெட்டி என்பார்களே, அதேதான். பினாங்குச் சீன மருந்துக்கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் காய்ந்து கிடக்கும். ஆட்டுக்கால் சூப்பு ஆறியபின் உதட்டில் ஒட்டுகிற பிசுபிசுப்பும் இதே வகைதான். இரண்டும் கொலாஜன் என்ற புரதத்திலிருந்து வருபவை. தசைநாரும் கொலாஜன்தான். காய்ந்தால் கல் போல் இறுகும், ஈரம் குடித்தால் இளகும். அதாவது, வில்லின் விசையைத் தரும் பொருளும் அதை ஒட்டிவைக்கும் பொருளும் ஒரே நேரத்தில் தளர்கின்றன. நாண் இழுக்கும் இழுப்பில் இளகிய பசை வழுக்க, அடுக்குகள் இடம் மாறுகின்றன.

மரத்துக்கும் இதே கதி, ஆனால் நிதானமாக. மரம் தன்னைச் சுற்றியிருக்கும் காற்றுக்கு ஏற்ப ஈரத்தை வாங்கும், விடும். வில் செய்பவர்கள் மரத்தில் 8 முதல் 10 சதவீத ஈரம் இருப்பதை விரும்புவார்கள். பினாங்கில் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 சதவீதத்தை ஒட்டியே நிற்பதால் இங்கே வெறும் மரம் 16 சதவீதம் வரை குடித்துவிடும். ஒரு சதவீத ஈரம் கூடினால் மரத்தின் விறைப்பு ஏறத்தாழ 2 சதவீதம் குறைகிறது. கணக்குப் போட்டால், வறண்ட ஊரில் 50 பவுண்டு இழுத்த மரவில் இங்கே 43, 44 பவுண்டுக்கு இறங்கிவிடும். வெப்பம் மட்டும் ஐந்து பத்து டிகிரி கூடுவதால் இத்தனை இறக்கம் வராது.

குளிர்நாட்டில் கதை தலைகீழ். அங்கே பனிக்காலத்தில் கணப்பு மூட்டிய வீட்டுக்குள் காற்று வறண்டு காய்ந்திருக்கும். மரத்தின் ஈரம் 5 சதவீதத்துக்கும் கீழே போனால் வில் விறைப்பாகவும் வேகமாகவும் இருக்கும். ஒரு நாள் முழு இழுப்பில் படீரென்று உடையும். குளிர் மரத்தை நொறுங்கவைக்கிறது என்று பொதுவாகச் சொன்னாலும் பழி பாதிக்கு மேல் வறட்சியின் மேல்தான் விழ வேண்டும். வட துருவத்து இன்யூட் மக்கள் இந்தச் சிக்கலை அவிழ்த்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். அவர்களுக்குக் கிடைத்தது கடலில் மிதந்து வரும் மட்டமான மரம். அதன் முதுகில் தசைநாரைப் பசையால் ஒட்டாமல், நாரைக் கயிறாகப் பின்னி வில்லின் நீளத்துக்கு வரிந்து கட்டிவிட்டார்கள். தளர்ந்தால் முறுக்கி இறுக்கிக்கொள்ளலாம். பசையே கிடையாது, ஆகவே இளகிப் பிரியவும் எதுவும் கிடையாது; இழுவையை நார் தாங்குவதால் மரமும் எளிதில் உடையாது.

கொம்பு வில்லோ பருவங்களை நம்பிப் பிறந்தது. சீனாவின் பழைய கைவினை நூலான காவோகோங்ஜி வில் வேலைக்கு ஒரு நாள்காட்டியே தருகிறது. குளிர்காலத்தில் மரத்தைப் பிளப்பது, வசந்தத்தில் கொம்பைப் பதமாக்குவது, கோடையில் நாரைப் பக்குவம் செய்வது, இலையுதிர் காலத்தில் மூன்றையும் சேர்ப்பது, கடுங்குளிரில் வில்லின் வடிவத்தை நிலைநிறுத்துவது. பினாங்கில் உட்கார்ந்துகொண்டு இந்த வேலையை எந்த மாதத்தில் தொடங்குவது? இங்கே மழை கூடிய மாதமும் குறைந்த மாதமும்தான் உண்டு. வேடிக்கை என்னவென்றால், கொரிய வில்லுக்கு வேண்டிய எருமைக் கொம்பு கொரியாவில் கிடைக்காது; தெற்கிலிருந்துதான் இறக்குமதி ஆயிற்று. கொம்பைக் கொடுத்த எருமை சேற்றில் புரண்ட நாட்டில் அந்த வில்லுக்கு வாழ்வில்லை.

கொரியாவிலேயே மழைக்காலத்தில் இந்த வில்லைக் கண்போல் பார்த்துக்கொள்ள வேண்டும். நாண் இறக்கியதும் வில் எதிர்ப்பக்கம் சுருண்டு கிட்டத்தட்ட வளையம் போலாகிவிடும். அதை இளஞ்சூடான ஓர் அலமாரியில் அடுக்கிவைப்பார்கள். எய்யப் போகுமுன் சூட்டில் காட்டி, வளைவைக் கையால் சரிபார்த்துத்தான் நாண் ஏற்றுவார்கள். லென்ஸில் பூஞ்சை பிடிக்காமலிருக்க இங்கே கேமராக்காரர்கள் வாங்கிவைக்கும் ஈரம் உறிஞ்சும் பெட்டிக்கும் அந்த அலமாரிக்கும் வேலை ஒன்றே. கொம்பு வில்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் பினாங்குவாசிக்கு அந்தப் பெட்டியைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

மழை நாட்டார் வேறு பாதையில் போனார்கள். வயநாட்டில் 1802இல் பனமரம் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையைத் தாக்கிய தலைவர் தலக்கல் சந்துவின் குறிச்சியப் பழங்குடியினர் வில்லாளிகள். மேகாலயத்தின் காசி மலையில், உலகத்தில் அதிகம் மழை கொட்டும் இடங்களில் ஒன்றான சிரபுஞ்சிப் பக்கத்தில், வில்லும் மூங்கில், நாணும் பிளந்த மூங்கில். கெடா, பேராக் காடுகளின் செமாங் மக்கள் ஊதுகுழல் பரவுவதற்கு முன் நச்சு அம்போடு வில்லைத்தான் நம்பினார்கள். அடுக்கு இல்லை, பசை இல்லை. ஈரத்தில் மூங்கில் வில் சோம்பிப்போகும், பிரிந்துபோகாது. அடுப்புக்கு மேல் பரணில் சில நாள் கிடந்தால் விறைப்பு திரும்பிவிடும். புகை பட்டால் உளுக்கவும் உளுக்காது.

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் வில் செய்ய நான்கு பொருள் சொல்கிறது: பனை, மூங்கில், மரம், கொம்பு. பனை முதலில் வருவது நமக்குக் கொஞ்சம் பெருமைதான். அதைவிடச் சுவாரசியம் நாண் பட்டியல். மருள், எருக்கு, சணல் என்று தொடங்கும் ஆறு பொருள்களில் விலங்கிலிருந்து வருவது கடைசியில் நிற்கும் தசைநார் ஒன்றுதான். தசைநார் நனைந்தால் நீளும், தளரும். செடி நார் பெரும்பாலும் நனைந்தால் வலுவாகும். மழைக்காலம் உள்ள நாட்டில் நாணுக்குச் செடியைத் தேடியது காரணத்தோடுதான். அடுக்குமாடி வாசல்களில் தொட்டியில் நிற்கும் பாம்புக் கற்றாழை அந்த மருளின் நெருங்கிய உறவு.

ஈரம் வில்லை மட்டுமா கெடுக்கும்? கி.மு. 326இல் ஜீலம் ஆற்றங்கரையில் போரஸின் படை அலெக்சாண்டரை எதிர்கொண்ட அன்று மழை பெய்து தரை வழுக்கியது. இந்திய வில் ஆள் உயரம். ஒரு முனையைத் தரையில் ஊன்றித்தான் இழுக்க வேண்டும். சேற்றில் ஊன்றிய முனை நிற்கவில்லை என்று ரோம வரலாற்றாசிரியர் கர்ட்டியஸ் எழுதுகிறார். வில்லில் ஒரு குறையும் இல்லை, ஊன்ற இடம்தான் இல்லை.

வடக்கே முகலாயர் காலத்தில் மத்திய ஆசியாவின் கொம்பு வில் செல்வாக்காக இருந்தது. ஆனால் பருவமழை அதை விடவில்லை. இந்தியாவில் முழுக்க எஃகாலேயே வில் அடித்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வேலைப்பாடு மிகுந்த பல வில்கள் இன்றும் லண்டன், நியூயார்க் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. துருப்பிடிக்காமல் பார்த்துக்கொண்டால் எஃகின் விறைப்பை ஈரமும் வெயிலும் குறைப்பதில்லை. எண்ணெய் தடவி ஆயுதசாலையில் ஆண்டுக்கணக்கில் போட்டுவைக்கலாம். குறை ஒன்றுதான்: எஃகுக் கை கனம். இழுத்து விட்டால் சக்தியில் பெரும்பங்கு அந்தக் கனத்தை நகர்த்தவே செலவாகும், அம்புக்கு மிச்சம் குறைவு.

மலேசியாவில் மரபு வில்வித்தை மறுபடி பரவி வருகிறது. பலர் கையில் இருப்பது குதிரைவில் வடிவத்தில் கண்ணாடியிழை வில். கண்ணாடியிழைக்கு ஈரம் பெரிதல்ல. ஆனால் அதை மரத்தோடு ஒட்டியிருப்பது எப்பாக்சி. வகையைப் பொறுத்து 60, 70 டிகிரியில் அது இளகத் தொடங்கும். நண்பகலில் நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு சாதாரணம். ஆக, ஈரத்தைத் தாண்டி வந்த வில்லை இப்போது உண்மையிலேயே வெயில் பிடித்துக்கொள்கிறது. நாண் ஏற்றிய வில்லைப் பின் கண்ணாடிக்குக் கீழே போட்டுவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வருவதற்குள் கை முறுக்கிக்கொள்ளலாம், அடுக்கு பிரியலாம். காருக்குள் விட்டே ஆகவேண்டும் என்றால் நாணையாவது இறக்கிவிடுங்கள்.

பினாங்கில் வில் காணும் ஒரே குளிர் ஏர்கோன்தான். 20 டிகிரி அறையிலிருந்து வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி மங்கும் அல்லவா? அதே நீர் வில்லின் மேலும் படியும். வார்னிஷ் உரிந்த இடம், தோல் சுற்றிய கைப்பிடி, நாண் மாட்டும் முனை வழியாக உள்ளே இறங்கும். உறையிலேயே விட்டு, வில் வெளிச்சூட்டுக்கு வந்தபின் எடுத்தால் போதும்.